அச்சும் எழுத்தும்

நுழையும்முன்

எண்களைக் கோடாக்கிக் காட்டுவது வரைபடம். அக்கோட்டுக்குப் பொருள் தருபவை அதன் இரு அச்சுகளின் அருகே நிற்கும் சிறு எழுத்துகளே. நிரல்வழி வரையும்போது அவ்வெழுத்துகளின் அளவைத் திருத்தும் முறையையும், தமிழில் எழுதும்போது எழும் தனிச்சிக்கல்களையும் இப்பாடம் விளக்குகிறது.

கோபிசெட்டிபாளையத்தைச் சூழ்ந்த வயல்களின் ஆண்டுக்கணக்குப் பவானிசாகர் அணையோடு பிணைந்தது. 1955ஆம் ஆண்டு கட்டி முடிக்கப்பட்ட அவ்வணையின் நீர்மட்ட உயரம் 105 அடி; கொள்ளளவு 32.8 டி.எம்.சி. கொடிவேரி அணைக்கட்டில் பிரியும் தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால்கள் 24,504 ஏக்கருக்கு நீர் தருகின்றன. கீழ்பவானி வாய்க்காலின் பாசனமோ 2,07,000 ஏக்கர். நாற்று விடலாமா, இன்னும் சில நாள் பொறுக்கலாமா என்று எண்ணும் உழவர் செய்தித்தாளில் முதலில் தேடுவது அணையின் நீர்மட்டத்தைத்தான்.

ஓராண்டின் நீர்மட்டத்தை மாணவர் ஒருவர் பைத்தான் நிரலால் வரைந்து, ஊர்ப்பொது இடத்தில் ஒட்டுகிறார் எனக் கொள்வோம். கோடு 52 என்னும் எண்ணருகே நிற்கிறது. அது 52 அடியா, கொள்ளளவில் 52 விழுக்காடா? இரண்டும் ஒன்றல்ல. அணையின் அடிப்பகுதி குறுகியும் மேற்பகுதி விரிந்தும் இருப்பதால், நீர் பாதி உயரத்தில் நிற்கும்போது இருப்பு பாதியைவிட மிகக் குறைவாகவே இருக்கும். விடை செங்குத்து அச்சின் ஓரத்தில் எழுதப்பட்டுள்ளது; ஆனால், நான்கடி தொலைவில் நிற்பவர் கண்ணுக்கு அது ஓர் எறும்பு வரிசை.

எழுத்து ஏன் இத்துணைச் சிறுத்தது? பைத்தானில் வரைபடம் வரையப் பெரிதும் பயன்படும் மேட்பிளாட்லிப் என்னும் நிரல் நூலகத்தை ஜான் ஹண்டர் என்னும் நரம்பியல் ஆய்வாளர் உருவாக்கி 2003இல் வெளியிட்டார். வேறு கட்டளை இல்லையெனில் அச்சுப்பெயரை அது 10 புள்ளி அளவில் எழுதும். ஒரு புள்ளி என்பது ஓர் அங்குலத்தில் 72இல் ஒரு பங்கு. படத்தின் இயல்பான அகலம் 6.4 அங்குலம். இவ்விரண்டும் தம்முள் பொருந்தியே இருக்கின்றன. மாணவர் படத்தைப் பெரிதாக்க விரும்பி அகலத்தை 16 அங்குலமாக்குகிறார். கோடு நீள்கிறது, எழுத்தோ அதே 10 புள்ளியில் நிற்கிறது. அப்படத்தை மீண்டும் 6.4 அங்குலத் தாளில் சுருக்கி அச்சிட்டால் எழுத்து 4 புள்ளியாகிறது. படத்தைப் பெரிதாக்கியதே எழுத்தைச் சிறிதாக்கிவிட்டது! ஆகவே, படம் இறுதியில் எந்த அகலத்தில் பார்க்கப்படும் என்பதை முதலில் முடிவுசெய்து, அதே அகலத்தை நிரலிலும் தருவதே நேர்வழி.

அதன்பின் எழுத்தளவைத் திருத்துவது எளிது. 'எக்ஸ்லேபிள்', 'ஒய்லேபிள்' ஆகிய செயற்கூறுகளில் 'ஃபாண்ட்சைஸ்' என்னும் அளபுருவுக்கு 16 என மதிப்பளித்தால் அச்சுப்பெயர்கள் பெரிதாகும். அச்சின்மேல் உள்ள எண்கள் இதனால் மாறா என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர். அவற்றுக்கு 'டிக்பாராம்ஸ்' செயற்கூறில் 'லேபிள்சைஸ்' என்பதைத் தனியே குறிக்க வேண்டும். பெயர் பெரிதாகவும் எண் சிறிதாகவும் நிற்கும் வரைபடங்கள் இம்மறதியின் பிள்ளைகளே.

எழுத்து வளர வளர இடம் போதாது. பன்னிரண்டு திங்கட்பெயர்களும் கிடைமட்ட அச்சில் ஒன்றன்மேல் ஒன்று ஏறும். அவற்றை 45 பாகை சாய்த்து எழுதலாம். ஒன்றுவிட்டு ஒன்று எழுதுவது இன்னும் நன்று, கழுத்தைச் சாய்க்காமல் படிக்கலாம் அன்றோ! ஓரத்தில் எழுத்து வெட்டுண்டால் 'டைட்லேஅவுட்' என்னும் செயற்கூறு விளிம்பைச் சரிசெய்யும்.

தமிழெழுத்துக்குக் கூடுதல் கவனம் தேவை. மெய்யின் புள்ளியும் இகர ஈகார வளைவுகளும் எழுத்தின் மேலே அமைகின்றன. உகர ஊகாரக் குறிகள் பல கீழே இறங்குகின்றன. எனவே, ஆங்கிலத்துக்குப் போதுமான அளவு தமிழுக்குப் போதாது. சிறிய அச்சில் 'கி', 'கீ' ஆகும். 'க்', 'க' ஆகும். நீர்மட்ட வரைபடத்திலேயே இதற்குச் சான்று உண்டு. செங்குத்து அச்சில் 'அடி'. கிடைமட்ட அச்சில் 'ஆடி'. இரண்டையும் பிரிப்பது ஒரு சிறு சுழி மட்டுமே.

எழுத்துருவும் ஒரு தடை. மேட்பிளாட்லிப்பின் இயல்பான எழுத்துருவில் தமிழ் இல்லாமையால், எத்தனை புள்ளிக்கு உயர்த்தினாலும் வெற்றுக் கட்டங்களே பெரிதாகும். லதா, நோட்டோ சான்சு தமிழ் போன்ற ஒருங்குறி எழுத்துருவைப் பெயர்சுட்டி அழைக்க வேண்டும். அழைத்த பின்னும் ஒன்றைச் சோதிக்க வேண்டியுள்ளது. 'கெ' என்பதில் ககரம் முதலிலும் கொம்பு அடுத்தும் சேமிக்கப்படுகின்றன. கண்ணுக்கோ கொம்பு முன்னே வரவேண்டும். இம்மாற்றத்தைச் செய்யாத குறை அந்நூலகத்தில் நெடுங்காலம் இருந்தது. ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, ஐகாரக்குறி மூன்றும் ஒரே சொல்லில் வரும்படி எழுதிப் பார்த்தால் குறை உடனே தெரிந்துவிடும். அத்தகைய சொல்லைத் தேடி அலைய வேண்டியதில்லை; படத்தின் தலைப்பில் 'கோபிசெட்டிபாளையம்' என்று எழுதினாலே போதும்.