இலண்டனுக்கு எத்தனை மணி நேரம்?

கோலாலம்பூரில் இரவு 11.30 மணிக்குப் புறப்படும் விமானம், மறுநாள் விடியற்காலை 5.30 மணிக்கு இலண்டனில் இறங்குகிறது எனக் கொள்வோம். பயண நேரம் யாது என வகுப்பில் வினவினால், ‘ஆறு மணி’ என்றே பலரும் விடை பகர்வர். கழித்தலில் பிழையில்லை, ஆயினும் விடை தவறு. இரு கடிகாரங்களும் ஒரே ஊருக்கு உரியவை அல்ல.

முதலில் தொலைவைக் காண்போம். இவ்விரு நகர்களுக்கும் இடையிலுள்ள வான்வழித் தொலைவு ஏறத்தாழ 10,600 கிலோமீட்டர். இது பூமியின் சுற்றளவில் கால் பங்கிற்கும் சற்று மிகுதி. சுவரில் தொங்கும் உலகப்படத்தில் அடிக்கோல் வைத்துக் கோடிட்டால், அக்கோடு பாரசீக வளைகுடாப் பக்கமாகச் செல்லும். பூமியுருண்டையின் மீது ஒரு நூலை இறுகப் பிடித்துப் பாருங்கள். நூல் வங்கக் கடலையும் வட இந்தியாவையும் கடந்து நடு ஆசியாவின் மேல் செல்லும். அதுவே குறுகிய வழி. உருண்டையைத் தட்டையாக விரித்தமையால் வந்த வேறுபாடு இது.

விமானம் நூல் காட்டும் வழியிலேயே செல்வதும் இல்லை. 2022ஆம் ஆண்டில் உக்ரேனில் பெரும்போர் மூண்டது முதல் அந்நாட்டு வான்வெளியை விலக்கியே பயணிகள் விமானங்கள் பறக்கின்றன. மணிக்கு 900 கிலோமீட்டர் வேகமெனில் பன்னிரண்டு மணிக்குள் சென்றுவிடலாமே எனத் தோன்றும். ஆனால் ஏறுவதிலும் இறங்குவதிலும் வேகம் குறைகிறது. மேலும், உயர்ந்த வானில் மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி வலுவான காற்று வீசுவதால், போகும்போது எதிர்க்காற்று. ஆகவே போக ஏறத்தாழ 14 மணி. அதே காற்று பின்னின்று தள்ளுவதால் திரும்ப ஏறத்தாழ 13 மணி.

இனிக் கடிகாரக் கணக்கு. குளிர்காலத்தில் இலண்டன் நேரம் நமக்கு 8 மணி பிந்தியது. 11.30உடன் 14 மணியைக் கூட்டினால் மறுநாள் பிற்பகல் 1.30, அதில் 8 மணியைக் கழித்தால் விடியற்காலை 5.30. திரும்பும் பயணத்தில் இலண்டனில் இரவு 9.30க்கு ஏறுவோர் இங்கு மறுநாள் மாலை 6.30க்கு இறங்குவர். கடிகாரம் காட்டுவது 21 மணி! 6ஐயும் 21ஐயும் கூட்டுங்கள்: 27. 14ஐயும் 13ஐயும் கூட்டினாலும் அதுவே. போகையில் குறைந்த எட்டு மணி, வருகையில் கூடிச் சரியாகிவிடுகிறது.

பூமி ஒரு மணிக்கு 15 பாகை சுழல்கிறது. கோலாலம்பூர் ஏறத்தாழ 102 பாகைக் கிழக்கில் இருப்பதால், சூரியக் கணக்குப்படி வேறுபாடு ஏழு மணிக்கும் குறைவே. தீபகற்ப மலேசியாவின் நேரம் 1982 ஜனவரி 1ஆம் நாள் அரைமணி முன்னே தள்ளப்பட்டு, சபா, சரவாக் நேரத்தோடு ஒன்றாக்கப்பட்டது. காலைப் பெரட்டு இருளில் நடப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்பதைத் தோட்டத்துப் பெற்றோர் அறிவர்.

மார்ச் இறுதி ஞாயிறு முதல் அக்டோபர் இறுதி ஞாயிறு வரை வேறுபாடு 7 மணியே. அங்குப் படிக்கும் பிள்ளையோடு பேச விரும்பும் பெற்றோர், இங்கு மாலை 6 மணிக்கு அழைத்தால் அங்குக் காலை 11, குளிர்காலமெனில் 10.