பிளஸ் டூ முடித்த பிள்ளைகளுக்கு: எந்தச் சலுகை முதலில்?

பொறியியல் சேரும் பிள்ளைக்கு உதவித்தொகை தேடுமுன், அவர் படித்த பள்ளியைப் பாருங்கள். 6 முதல் 12 வரை அரசுப் பள்ளி என்றால் 7.5 சதவீத உள்ஒதுக்கீடு. 2021 முதல் கல்வி, விடுதிக் கட்டணங்களை அரசே செலுத்துகிறது. இதைவிடப் பெரிய உதவி வேறில்லை.

இல்லையென்றால் முதல் பட்டதாரி சலுகை. தாத்தா பாட்டி, அண்ணன் அக்கா உட்பட வீட்டில் எவரும் பட்டதாரியாக இருக்கக் கூடாது. சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கும்போது கவனம்: அம்பத்தூர் சென்னை மாவட்டம்; ஆவடியும் பூந்தமல்லியும் திருவள்ளூர்.

பெண்பிள்ளைகளுக்கு ஏ.ஐ.சி.டி.இ.யின் பிரகதி, ஆண்டுக்கு 50,000 ரூபாய். குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள். டிப்ளமோவுக்கும் உண்டு.

இடம் போய்விடுமோ என்று பயந்து மே மாதமே நிர்வாக ஒதுக்கீட்டில் முன்பணம் கட்டிவிடுகிறார்கள் பலர். அங்கே முதல் இரண்டு சலுகையும் கிடையாது. கலந்தாய்வு வரை பொறுங்கள். நமக்குள்ள 3.5 சதவீத ஒதுக்கீடும் அதில்தான்.