மோட்டார் வண்டி ஜன்னல் ரப்பரில் பாசியும் பூஞ்சணமும்

வாலாஜாபாத் வட்டாரத்தில் ஆண்டு மழையில் பாதிக்கு மேற்பட்ட பகுதி வடகிழக்குப் பருவக்காற்றினால், ஐப்பசி முதல் மார்கழி வரையில் பெய்கின்றது. ஏரிகள் நிரம்பிச் சம்பாப் பயிர் செழிக்கும் இக்காலமே, மரநிழலிலும் கொட்டகையிலும் நிற்கும் கார், ஜீப் முதலிய வண்டிகளின் ஜன்னல் ரப்பரில் பச்சைப் பாசியும் கரிய பூஞ்சணமும் பற்றும் காலமுமாகும். அறையுடைய டிராக்டர்களுக்கும் அறுவடை இயந்திரங்களுக்கும் இது பொருந்தும்.

பார்வைக்குச் சிறு அழுக்காகத் தோன்றுவதால் பலரும் இதனைப் பொருட்படுத்துவதில்லை. எனினும் கதவின் அடித்தகடு துருப்பிடித்து உதிர்வதற்கும், கண்ணாடியை ஏற்றி இறக்கும் மோட்டார் பழுதாவதற்கும், வண்டிக்குள் பூஞ்சண நாற்றம் பரவி ஆஸ்துமா என்னும் இழுப்பு நோயுள்ளவர் துன்புறுவதற்கும் பல வேளைகளில் இதுவே தொடக்கமாகின்றது.

ரப்பரின் அமைப்பு

ஒர்க்ஷாப்களில் ‘பீடிங்’ என வழங்கும் இந்த ரப்பர், இக்காலத்துக் கார்களில் பெரும்பாலும் ஈ.பி.டி.எம். என்னும் செயற்கை ரப்பரால் செய்யப்படுகின்றது. அது வெயிலையும் மழையையும் பல ஆண்டுகள் தாங்கும். ஆனால் மண்ணெண்ணெய், டீசல் முதலியவை பட்டால் உப்பித் தளரும். கண்ணாடி ஏறி இறங்கும் பள்ளத்தின் உட்புறத்தில் வெல்வெட்டுப் போன்ற மெல்லிய மயிர்ப்பூச்சு உண்டு. ஈரத்தை நெடுநேரம் பிடித்து வைப்பது இப்பகுதியே.

கண்ணாடியின் மேல் வழியும் மழைநீரில் ஒரு பகுதி ரப்பரைக் கடந்து கதவின் உட்கூட்டில் இறங்குவது இயல்பு. அந்நீர் வெளியேறுவதற்கென்றே கதவின் அடியில் சிறு துளைகள் விடப்பட்டுள்ளன. மதகு அடைபட்ட வயலில் நீர் தேங்குவதைப்போல, இத்துளைகள் அடைபட்ட கதவிலும் நீர் தேங்கும். வண்டி குலுங்கும்போது கதவினுள் நீர் சலசலக்கும் ஓசை கேட்குமாயின், துளைகள் அடைபட்டுள்ளன என்று அறியலாம்.

பாசி வேறு, பூஞ்சணம் வேறு

பாசி ஒளியைக் கொண்டு தன் உணவைத் தானே ஆக்கிக் கொள்வது. ஆதலால் அது ரப்பரின் வெளிப்புறத்தில், விரைவில் உலராத பக்கத்தில் வளரும். பூஞ்சணத்திற்கு ஒளி வேண்டுவதில்லை. மட்கும் பொருளே அதற்கு உணவு. இலைத்தூள், மகரந்தம், கைபட்ட எண்ணெய்ப் பிசுக்கு ஆகியவை சேர்ந்த உட்பள்ளத்தில் அது கரும்புள்ளிகளாகப் பரவும். இவ்விரண்டிற்கும் பொதுவாக வேண்டியது ஈரம் ஒன்றே. ஈரத்தைப் போக்காமல் பச்சையை மட்டும் தேய்த்து எடுப்பது, கிழங்கை விட்டுக் கோரையின் தலையை அறுப்பதற்கு ஒப்பாகும்.

மாமரம் பூக்கும் தை, மாசி மாதங்களில் தத்துப்பூச்சிகள் கழிக்கும் தேன் போன்ற பசை இலைகளின்மேல் விழுந்து, அதன்மீது கரும்பூஞ்சணம் படர்வதைத் தோப்புடையோர் அறிவர். மரத்தடியில் நிற்கும் வண்டியின் ரப்பரிலும் அதே பசை விழுந்து அதே விளைவை உண்டாக்கும். கல்குவாரி லாரிகள் மிகுதியாகச் செல்லும் சாலையோர ஊர்களில் கல்தூளும் இதனுடன் படிந்து, ஈரம் காக்கும் மண்ணாகவே ஆகிவிடுகின்றது.

சுத்தம் செய்யும் முறை

1. மழையற்ற நாளில், காலை வேளையில், வண்டியை நிழலில் நிறுத்திக் கதவுகள் யாவற்றையும் திறந்துவிட வேண்டும். பூஞ்சணத் தூள் மூச்சில் ஏறாதபடி மூக்கையும் வாயையும் மூடிக்கொள்வது அவசியம். இழுப்பு நோயுள்ளவர் இவ்வேலையில் ஈடுபடலாகாது.

2. உலர்ந்த பூஞ்சணத்தை அப்படியே தேய்த்தால் தூள் பறக்கும். ஆதலால் முதலில் நீரால் நனைத்துக்கொள்ள வேண்டும். பின்னர்ப் பள்ளத்திலுள்ள இலை, மண் முதலியவற்றை மென்மையான பல் துலக்கும் பிரஷினால் எடுக்கலாம். கத்தி, கம்பி நார் ஆகியவை ரப்பரைக் கீறிவிடும்.

3. கைபொறுக்கும் சூடுள்ள நீர் 1 லிட்டரில் ஒரு கரண்டி மென்மையான சோப்புத் திரவத்தைக் கலந்து, ரப்பரின் நீளவாக்கில் தேய்த்துக் கழுவ வேண்டும். பெரும்பாலான பாசி இவ்வளவிலேயே நீங்கிவிடும்.

4. பூஞ்சணக் கறை எஞ்சியிருப்பின், வினிகரில் சம அளவு நீர் கலந்து, துணியில் தோய்த்து அவ்விடத்தில் 10 நிமிஷம் ஒற்றி வைத்து, மீண்டும் தேய்த்து நல்ல நீரால் கழுவ வேண்டும்.

5. கதவின் அடித்துளைகளைத் தென்னை ஈர்க்கினால் மெல்லக் குத்தி, அடைப்பை நீக்க வேண்டும். பிறகு மேலேற்றிய கண்ணாடியின் வெளிப்புறத்தில் ஒரு குவளை நீரை மெதுவாக ஊற்றி, கதவின் அடியில் நீர் சொட்டுகின்றதா என்று பார்த்தல் நலம்.

6. உலர்ந்த துணியால் ஒற்றி எடுத்து, நன்கு காற்றாட விட்டு, ரப்பரில் ஈரம் சிறிதும் இல்லாதபோது சிலிக்கோன் பூச்சு மெல்லியதாகத் தடவ வேண்டும். இது நீர் ஒட்டாமல் காப்பதுடன் கண்ணாடி தடையின்றி இறங்கவும் உதவும்.

விலக்கத் தக்கவை

பளபளப்புக்காக டீசலோ மண்ணெண்ணெயோ கொண்டு துடைக்கும் வழக்கத்தை அறவே விட்டொழிக்க வேண்டும். தேங்காயெண்ணெயும் கடலையெண்ணெயும் புழுதியை ஈர்த்துப் பூஞ்சணத்திற்கே உணவாகும். பயிர்ப் பூஞ்சணத்திற்கு நல்ல மருந்தாகிய மயில்துத்தமும் போர்டோக் கலவையும் இங்கு ஏற்றவையல்ல. மயில்துத்தம் இரும்புத் தகட்டை அரிக்கும். மோட்டார் பம்பின் நீரை ரப்பரின்மேல் நேராகப் பாய்ச்சினால், நீர் உள்ளே அளவுக்கு மிஞ்சிப் புகும்.

யாவற்றிலும் முக்கியமாக, பிளீச்சிங் பவுடருடன் வினிகரையோ கழிப்பறை அமிலத்தையோ ஒருபோதும் சேர்க்கலாகாது. அக்கலவையினின்று எழும் குளோரின் வாயு நுரையீரலைச் சிதைக்கும் நஞ்சாகும். மூடிய கொட்டகையில் இது உயிருக்கே கேடு விளைவிக்கும்.

வருமுன் காத்தல்

மழைக்காலத்தில் வண்டி ஓடாவிடினும், வெயில் காணும் நாளில் வாரம் ஒருமுறை கதவுகளை ஒரு மணி நேரம் திறந்து வைத்தல் வேண்டும். ஈரமான வண்டியின்மேல் தார்ப்பாயை இறுகப் போர்த்துவது, ஈர நெல்லைக் குவித்து மூடுவதைப் போன்றதே. மரத்தடியை விட்டுக் காற்றோட்டமுள்ள கூரையின்கீழ் நிறுத்துவது நலம். நனைந்த சாக்கு, கால்மிதி முதலியவற்றை வண்டிக்குள் விட்டுவைக்கலாகாது.

2015 டிசம்பரில் காஞ்சிபுரம் மாவட்டத்தில் பெய்த பெருமழையிலும், 2021 நவம்பரில் பாலாற்றில் வந்த வெள்ளத்திலும் கண்டதுபோல நீர் சூழும் காலம் மீண்டும் வரக்கூடும். வெள்ளத்தில் மூழ்கிய வண்டிக்கு மேற்கூறிய முறை போதாது. கதவின் உட்பலகையைக் கழற்றி உலர்த்துதல் வேண்டுமாதலால், அதனை மெக்கானிக்கிடம் ஒப்படைப்பதே தகும்.

மதகும் வாய்க்காலும் பார்வையிடப்படும் புரட்டாசி மாதத்திலேயே கதவின் துளைகளையும் பார்த்துவிடுவது சாலச் சிறந்தது. மழை நின்றபின் தை மாதத்தில் மற்றொரு முறை பார்த்தால், அவ்வாண்டிற்கு அது போதுமானதாகும். கிராம நிர்வாக அலுவலர்கள் தம் பொறுப்பிலுள்ள வண்டிகளில் இதனை முதலில் செய்து காட்டுவாராயின், ஊராரும் எளிதில் பின்பற்றுவர். அரை நாள் வேலையும் ஓர் ஈர்க்கும் கதவுத் தகட்டை மாற்றும் பெருஞ்செலவைத் தவிர்க்கும்.