குருதியும் ஊசியும்: அச்சத்தை வளர்க்கும் எண்ணம்

குருதியைக் கண்டால் தலை சுழலும். ஊசியைக் கண்டால் உள்ளங்கை வியர்க்கும். இவ்வச்சம் உடையோர் நம்மில் பலர். அவர்களைக் கோழைகள் என்று நாம் நகைக்கிறோம். அவர்களும் தம்மைத் தாமே இகழ்ந்துகொள்கின்றனர். இரண்டும் தவறு. இவ்வச்சம் எவ்வாறு பிறக்கிறது, எவ்வாறு வளர்கிறது, எவ்வாறு தணிகிறது என்பதை ஈண்டு ஆராய்வோம்.

முதலில் உடலின் செயலை அறிதல் வேண்டும். புலியைக் கண்டு அஞ்சுபவனுக்கு நெஞ்சு படபடக்கும். இரத்த அழுத்தம் ஏறும். அவன் ஓட முற்படுவான். குருதிக்கு அஞ்சுவோரிற் பலர் நிலை வேறு. அவர்களுக்கும் இதயத் துடிப்பும் அழுத்தமும் முதலில் ஏறுகின்றன. பின்னர்த் திடீரெனச் சரிகின்றன. மூளைக்குச் செல்லும் இரத்தம் குறையவே, கண் இருண்டு மயக்கம் வருகிறது. படுக்கவைத்தால் பெரும்பாலும் விரைவில் தெளிகிறது. இத்தன்மை ஒரே குடும்பத்திற் பலரிடம் காணப்படுவதும் உண்டு. ஆகவே மயக்கம் உடலின் இயல்பு. அதில் நாணத்தக்கது ஏதுமில்லை.

ஆயின், அந்த இயல்பை வாழ்நாள் அச்சமாக வளர்ப்பது எண்ணமே. பள்ளியில் தடுப்பூசி போட்ட நாளில் ஒரு சிறுவன் மயங்கி விழுந்தான் என்று கொள்வோம். நிகழ்ந்தது ஒரே முறை. அவன் மனமோ, "ஊசி என்றால் மயக்கம் நிச்சயம்" என்று ஒன்றைப் பலவாக்குகிறது. "மயங்கினால் உயிருக்கே கேடு" என்று சிறிதைப் பெரிதாக்குகிறது. "எல்லோரும் நகைப்பர்" என்று பிறர் நெஞ்சைத் தானே படித்துவிடுகிறது. வளர்ந்த பின்னும் அவன் ஊசியைத் தவிர்க்கிறான். தவிர்த்தவுடன் மனம் அமைதியுறுகிறது. அவ்வமைதி, "விலகியதால் பிழைத்தேன்" என்னும் பொய்யை உறுதி செய்கிறது. தன் எண்ணத்தைச் சோதித்தறியும் வாய்ப்பை ஒவ்வொரு முறையும் அவன் இழக்கிறான்.

இழப்பு சிறிதன்று. நீரிழிவுடையவர் இரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போட்டால், கண்ணும் சிறுநீரகமும் பழுதுறத் தொடங்குவதை அறியாதிருக்கக் கூடும். நாய் கடித்தவர் ஊசிக்கு அஞ்சித் தடுப்பு மருந்தை விடுவாராயின் பேராபத்து. வெறிநாய்க்கடி நோயின் குறிகள் தோன்றிய பின் உயிர் பிழைத்தல் மிக மிக அரிது.

இவ்வெண்ணங்களைத் திருத்தும் வழி யாது? 1960-களில் அமெரிக்க மனநல மருத்துவர் ஆரன் பெக், எண்ணங்களைச் சான்று கொண்டு விசாரிக்கும் சிகிச்சை முறையை வகுத்தார். அம்முறைப்படி ஒரு தாளில் எழுதுவோம்: இதுவரை எத்தனை ஊசி போட்டுக்கொண்டோம்? எத்தனை முறை மயங்கினோம்? மயங்கியபின் உண்மையில் நேர்ந்தது என்ன? நகைத்தவர் யார், கைகொடுத்துத் தூக்கியவர் யார்? விடைகளை நோக்கின், அச்சம் கூறியதற்கும் நடந்ததற்கும் உள்ள தொலைவு விளங்கும்.

உடலுக்கும் ஒரு பயிற்சி உண்டு. அழுத்தம் சரியும் வேளையில் "உடலைத் தளர்த்து" என்னும் வழக்கமான அறிவுரை பொருந்தாது. ஸ்வீடன் நாட்டு உளவியலாளர் லார்ஸ் ஓஸ்ட் 1980-களில் இதற்கு மாறான முறையை ஆராய்ந்து வகுத்தார். கை, கால், உடல் தசைகளை 10 முதல் 15 விநாடி, முகத்தில் சூடு தோன்றும் வரை இறுக்குதல். பின் 20 முதல் 30 விநாடி இயல்பு நிலைக்கு விடுதல். இவ்வாறு ஐந்து முறை. இதனால் அழுத்தம் சரியாது காக்கப்படுகிறது. ஊசி ஏறும் கையை மட்டும் தளர்வாக வைத்தல் வேண்டும். இதய நோய், உயர் இரத்த அழுத்தம் உடையோரும் கருவுற்றோரும் மருத்துவரைக் கேட்டே பயில்க.

பின்னர்ப் படிப்படியாக அணுகுவோம்: முதலில் ஊசியின் படம், அடுத்து உறையிலுள்ள ஊசி, அதன்பின் பிறர் ஊசி போட்டுக்கொள்ளுதல், இறுதியில் நம் கை. ஒரு படியில் அச்சம் தணிந்த பின்னரே அடுத்த படிக்குச் செல்லுதல் நன்று. செவிலியரிடம், "எனக்கு மயக்கம் வருவதுண்டு, படுத்துக்கொள்கிறேன்" என்று முன்கூட்டியே சொல்ல நாண வேண்டா. நம் இல்லத்தில் பரிசோதனையை ஒத்திவைத்துக்கொண்டிருப்பவர் எவரேனும் உளராயின், அவரை நகையாது, இப்பாடத்தை அவருடன் அமர்ந்து படிப்போமாக. பரிசோதனை நாளில் உடன் செல்வோமாக.