கருத்தரங்கும் ஆய்வுக்கூடமும்

ஆரத்தித் தட்டில் நீர் ஊற்றி மஞ்சள்தூளைக் கரைப்பர். அதில் சிறிது சுண்ணாம்பு இட்டவுடன் நீர் செந்நிறமாக மாறிவிடும். தில்லியிலும் போபாலிலும் புணேயிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களில் இக்காட்சியைக் கண்டிராத பிள்ளைகள் குறைவு. மஞ்சளில் உள்ள குர்குமின் என்னும் நிறமி, காரத்தன்மை உடைய நீரில் தன் மூலக்கூறிலிருந்து ஹைட்ரஜன் அயனியை இழக்கிறது. அதனால் அது ஒளியை உறிஞ்சும் விதம் மாறி, நிறமும் மாறுகிறது. எலுமிச்சைச் சாற்றைப் போதிய அளவு பிழிந்தால் மஞ்சள் நிறம் மீண்டும் தோன்றும். பள்ளிப் பாடத்தில் விடை இத்துடன் நிறைவு பெறும். பல்கலைக்கழக வேதியியல் துறையிலோ, இவ்விடை கிடைத்த இடத்தில்தான் வேலையே தொடங்குகிறது. அந்த மூலக்கூறின் வடிவம் யாது? அதனைத் தூய நிலையில் பிரித்தெடுப்பது எங்ஙனம்? வேறொரு பூவில் உள்ள மஞ்சள் நிறமும் இதுதானா?

இத்தகைய வினாக்களைத் தம் வாழ்நாள் பணியாகக் கொண்டவர் டி. ஆர். சேஷாத்ரி. காவிரிக் கரையில் உள்ள குளித்தலையில் 1900ஆம் ஆண்டு பிறந்தார். தந்தையார் பள்ளி ஆசிரியர். குடும்பத்தில் வசதி மிகுதியில்லை. சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்றபின், உதவித்தொகை பெற்று 1927இல் இங்கிலாந்து சென்று, மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் இராபர்ட் இராபின்சன் என்னும் பேரறிஞரிடம் ஆய்வு மாணவராகச் சேர்ந்தார். பின்னர் ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் பிரிட்ஸ் பிரெகல் என்பாரிடம், சில மில்லிகிராம் பொருளை மட்டும் கொண்டு அதிலுள்ள கார்பன், ஹைட்ரஜன் அளவுகளைக் கண்டறியும் நுண்பகுப்பாய்வைக் கற்றார். கூடை கூடையாகப் பூக்களை எடுத்துக் காய்ச்சி வடித்தாலும் தூய நிறமி சிறிதளவே கிடைக்கும். அதை வீணாக்காமல் ஆராய்வதற்கு இக்கலை இன்றியமையாதது.

நாடு திரும்பிய அவர் கோயம்புத்தூரில் சில காலம் மண் ஆய்வுப் பணியாற்றினார். அதன்பின் வால்டேரில் ஆந்திரப் பல்கலைக்கழகத்தின் வேதியியல் துறையை வளர்த்தார். பருத்திப் பூக்களின் நிறமிகளைப் பற்றிய ஆய்வுகள் அவர் பெயரை உலகறியச் செய்தன. 1949இல் தில்லிப் பல்கலைக்கழக வேதியியல் துறையின் பொறுப்பை ஏற்று, 1965 வரை அதற்குத் தலைமை தாங்கினார். இலண்டன் இராயல் கழகம் 1960இல் அவரை உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது. அவர் எழுதிய கட்டுரைகளைவிட, அவரிடம் பயின்று முனைவர் பட்டம் பெற்ற நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட மாணவர்களையே அவருடைய பெரும் படைப்பு எனக் கூறலாம்.

அத்தனை மாணவர்கள் ஒருவரிடம் எவ்வாறு ஆய்வு கற்க முடியும்? வகுப்பறையில் அமர்ந்து குறிப்பெடுப்பதால் ஆய்வு வந்துவிடாது. அது கருத்தரங்கிலும் ஆய்வுக்கூடத்திலுமே கற்கப்படுகிறது.

எந்த வேதியியல் துறைக்குச் சென்றாலும் நுழைவாயிலருகே ஓர் அறிவிப்புப் பலகையைக் காணலாம். பேச்சாளர் பெயர், தலைப்பு, நாள், நேரம், அறை எண் ஆகியவை அதில் இருக்கும். சில இடங்களில் 'தேநீர் உண்டு' என்னும் வரியும் இருக்கும். அந்தத் தேநீரை எளிதாக எண்ணலாகாது. மேடையில் நின்றவரிடம் கேட்கத் தயங்கிய மாணவர், கையில் கோப்பையுடன் அவரருகே நிற்கும்போது கேட்டுவிடுகிறார்.

கருத்தரங்குகள் பல வகையின. வெளியூரிலிருந்தோ வெளிநாட்டிலிருந்தோ வந்த அறிஞர் தம் ஆய்வை விளக்குவது ஒருவகை. ஓர் ஆசிரியரும் அவருடைய மாணவர்களும் கூடி, வாரந்தோறும் தத்தம் சோதனைகளைப் பற்றிப் பேசுவது மற்றொரு வகை. முனைவர் பட்டத்திற்கு ஆய்வேட்டை அளிக்குமுன் மாணவர் தம் முடிவுகளைத் துறையினர் முன் எடுத்துரைப்பதும் உண்டு. இவற்றுள் வாராந்திரக் கூட்டமே மிகவும் பயனுடையது. வெளியூர் அறிஞர் வெற்றி பெற்ற சோதனைகளையே பெரும்பாலும் காட்டுவார். வாராந்திரக் கூட்டத்திலோ கரைசல் ஏன் கறுத்தது, படிகம் ஏன் உருவாகவில்லை என்பன பேசப்படும்.

கருத்தரங்கில் நல்ல வினா எத்தகையது? ஒருவர் புதியதொரு வினையூக்கியைப் பற்றிப் பேசுகிறார் என்க. நூற்றுக்குத் தொண்ணூறு பங்கிற்கு மேல் விளைபொருள் கிடைத்ததாகத் திரையில் காட்டுகிறார். அரங்கின் பின்வரிசையிலிருந்து முதுநிலை மாணவி ஒருத்தி எழுந்து, "அதே வினையூக்கியை எத்தனை முறை திரும்பப் பயன்படுத்தலாம், ஐயா?" என்று கேட்கிறாள். மிக எளிய வினா. ஆயினும் விலை மிகுந்த உலோகத்தாலான வினையூக்கி ஒரே முறையில் செயலிழக்குமானால், அம்முறை தொழிற்சாலைக்கு உதவாது. சொற்களை அடுக்கிக் கேட்கப்படும் நீண்ட வினாக்களைவிட இதுவே பேச்சாளரைச் சிந்திக்க வைக்கும். பேச்சு முடிவதற்குள் ஒரு வினாவையேனும் குறிப்பேட்டில் எழுதி வைத்துக்கொள்ளும் மாணவருக்கு எழுந்து நிற்கும் துணிவு மெல்ல வரும். ஆங்கிலம் தடுமாறினாலும் கேடில்லை. அரங்கில் பலருக்கும் அது தாய்மொழி அன்று.

கேட்பதோடு நில்லாமல் செய்யவும் விரும்பும் மாணவருக்கு ஆய்வுக்கூடத்தில் பணிகள் உண்டு. இளநிலை மாணவர்களுக்குக் கோடை விடுமுறையே உகந்த காலம். பெங்களூருவில் சர் சி. வி. இராமன் 1934இல் நிறுவிய இந்திய அறிவியல் அகாதெமி, நாட்டின் மற்ற இரண்டு அறிவியல் அகாதெமிகளுடன் இணைந்து கோடைக்கால ஆய்வுத் திட்டம் ஒன்றை நடத்தி வந்துள்ளது. தேர்வு பெற்றவர் ஏறக்குறைய இரண்டு மாதம் ஓர் அறிஞரின் ஆய்வுக்கூடத்தில் உதவித்தொகையுடன் பணிபுரிவார். மதிப்பெண்களோடு, எதை ஆராய விரும்புகிறார் என்பதைப் பற்றிய சிறு குறிப்பையும் ஆசிரியரின் பரிந்துரைக் கடிதத்தையும் விண்ணப்பத்துடன் அளிக்க வேண்டும். அக்குறிப்பைப் பிறரிடமிருந்து நகலெடுப்போர் பலர். படிப்பவர்க்கு அது முதல் வரியிலேயே புலப்பட்டுவிடும்.

முதல் நாளிலேயே அரிய சோதனை கையில் தரப்படும் என எதிர்பார்த்துச் செல்பவர் ஏமாற்றமடைவர். முதல் வாரம் பெரும்பாலும் கண்ணாடிக் குடுவைகளைக் கழுவுவதிலேயே கழியும். இது ஏவல் வேலை அன்று. முந்தைய சோதனையின் எச்சம் நூலிழையளவு தங்கினாலும் அடுத்த சோதனை பொய்யாகிவிடும். அடுத்து, எடை போடுதல். அதற்கடுத்து, குறிப்பேடு எழுதுதல். ஆய்வுக் குறிப்பேட்டில் பென்சிலால் எழுதலாகாது. பிழையை அழித்தல் ஆகாது. ஒரு கோடிட்டு அடித்து, கீழே சரியானதை எழுத வேண்டும். பாதுகாப்புக் கண்ணாடி அணியாமல் உள்ளே நுழையவும் இசைவில்லை. இவையெல்லாம் பழகியபின், ஒரு நாள் மெல்லடுக்கு வண்ணப்பிரிகைத் தகட்டில் ஒரு துளி சாற்றை வைத்துக் கரைப்பானில் நிறுத்தும்போது, ஒரே நிறமாகத் தோன்றிய சாறு மூன்று நான்கு புள்ளிகளாகப் பிரிந்து மேலேறும். அதைத் தம் கையால் செய்து பார்த்த மாணவர் பலர் வேதியியலை விட்டு விலகுவதில்லை.

முதுநிலைப் பட்டத்திற்குப் பிறகு வரும் பணி முழுநேரப் பணி. அரசு நிதி பெற்ற ஆய்வுத் திட்டங்களில் திட்ட உதவியாளராகச் சேரலாம். தேசியத் தகுதித் தேர்வில் வென்றவர் இளநிலை ஆய்வாளராகிறார். 2023 சனவரி முதல் இவருக்கு முதல் இரண்டாண்டுகள் மாதம் 37,000 ரூபாயும், முதுநிலை ஆய்வாளராக உயர்ந்தபின் 42,000 ரூபாயும் வழங்கப்படுகின்றன. இத்தொகை வெறும் பரிசு அன்று. மேற்படிப்பைத் தொடர்வதா, குடும்பத்திற்காக ஏதேனும் வேலைக்குச் செல்வதா என்று தயங்கி நிற்கும் பிள்ளைக்கு, ஆய்வுக்கூடத்தின் கதவைத் திறந்து வைப்பது இதுவே. குளித்தலைப் பள்ளி ஆசிரியரின் மகன் மான்செஸ்டருக்குச் சென்றதும் உதவித்தொகையால்தான்.

உதவித்தொகையால் இயலாததும் ஒன்று உண்டு. தில்லியில் 1941இல் பிறந்த தர்ஷன், சேஷாத்ரியிடம் ஆய்வு செய்து முனைவர் பட்டம் பெற்றவர். மிராண்டா ஹவுஸ் கல்லூரியில் வேதியியல் கற்பித்தவர். இலண்டனில் மேலாய்வு செய்து திரும்பியபின், கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகப் பேராசிரியர் சுப்பிரமணிய ரங்கநாதனை மணந்தார். கணவன், மனைவி இருவரும் ஒரே நிறுவனத்தில் ஆசிரியராக இருத்தல் கூடாது என்ற எழுதப்படாத வழக்கம் அங்கு இருந்தமையால், தர்ஷன் ரங்கநாதனுக்கு ஆசிரியப் பதவி கிட்டவில்லை. பல ஆண்டுகள் ஆய்வு உதவித்தொகைகளைக் கொண்டே அவர் அங்கு பணியாற்றினார். புரதங்களைப் போலத் தாமே ஒழுங்காக அடுக்கிக்கொள்ளும் மூலக்கூறுகளை வடிவமைத்து, உலகின் முதன்மையான ஆய்விதழ்களில் கட்டுரைகள் வெளியிட்டார். பின்னர் திருவனந்தபுரத்திலும் ஐதராபாத்திலும் உள்ள அரசு ஆய்வகங்களில் அவருக்குப் பதவி கிடைத்தது. 2001ஆம் ஆண்டு, தம் அறுபதாம் பிறந்தநாளன்று அவர் மறைந்தார். அப்போதும் அவருடைய ஆய்வுக்குழு பணியில் இருந்தது.

அருஞ்சொற்பொருள்

நிறமி – பொருளுக்கு நிறம் தரும் வேதிப்பொருள்
வினையூக்கி – வேதிவினையை விரைவுபடுத்தும் பொருள்
கரைப்பான் – பிற பொருளைக் கரைக்கும் நீர்மம்
எச்சம் – மீதியாக நிற்பது
இசைவு – அனுமதி
எங்ஙனம் – எவ்வாறு

பயிற்சி

1. வாராந்திரக் கூட்டம் மிகவும் பயனுடையது எனக் கூறப்படுவது ஏன்?
2. மாணவி கேட்ட வினா எளிதாயினும் சிறந்தது. காரணம் தருக.
3. குடுவை கழுவுதல் "ஏவல் வேலை அன்று" என்பதனை விளக்குக.
4. சேஷாத்ரி, தர்ஷன் ரங்கநாதன் ஆகிய இருவர் வாழ்விலும் உதவித்தொகை பெற்ற இடத்தை ஒப்பிட்டு எட்டு வரிகளில் எழுதுக.
5. பிரித்து எழுதுக: கருத்தரங்கு, குறிப்பேடு, நுழைவாயில்.
6. வீட்டுச் சமையலறையில் நிறம் மாறும் பொருள் ஒன்றைக் கண்டு, அதைப் பற்றி ஓர் அறிஞரிடம் கேட்க விரும்பும் இரண்டு வினாக்களைத் தமிழில் எழுதுக.