விஆர் கன்ட்ரோலர்: டாலிகஞ்ச் ஃப்ளாட்டில் செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

கொல்கத்தாவின் டாலிகஞ்சில், குத்காட் பக்கமோ ராணிகுட்டி பக்கமோ, சாதாரண ஃப்ளாட்டின் ஹாலில் ஒரு திவான், ஒரு டிவி, கண்ணாடி பதித்த ஒரு ஸ்டீல் அலமாரி, தலைக்கு மேல் ஒரு ஃபேன் இருக்கும். மீதி இருக்கும் இடத்தில்தான் கண்ணை முழுக்க மறைத்துக்கொண்டு இரண்டு கையையும் வீசி விளையாடப் போகிறீர்கள். விஆர் என்றதும் எல்லோரும் ஹெட்செட்டைப் பற்றியே பேசுவார்கள். ஆனால் சுவரில் மோதுவதும், ஸ்டிக் தேய்வதும், பழைய சரக்காகத் தலையில் கட்டப்படுவதும் பெரும்பாலும் கையில் பிடிக்கும் கன்ட்ரோலர்தான். அது போனால் பீட் சேபர் மாதிரி கேம்களை ஆடவே முடியாது. டிவியை உடைத்தவர்களையும், பணம் கொடுத்து ஏமாந்தவர்களையும் பார்த்துவிட்டுத்தான் இந்தப் பட்டியல். இன்றைக்கே ஒரு தடவை சரிபார்த்துவிடுங்கள்.

செய்ய வேண்டியவை

1. கைப்பட்டையை முதலில் மாட்டுங்கள், ஹெட்செட்டைப் பிறகு போடுங்கள். கண் மறைந்த பிறகு பட்டையைத் தேடிக்கொண்டிருக்க யாருக்கும் பொறுமை இருக்காது. 2006-இல் நின்டெண்டோ வீ வந்த புதிதில் ரிமோட்டின் பட்டை அறுந்து டிவியில் போய் மோதியதாகப் புகார்கள் குவிந்தன. அந்த டிசம்பரிலேயே நிறுவனம் சுமார் 32 லட்சம் பட்டைகளைத் தடிமனாக மாற்றிக் கொடுக்க வேண்டியிருந்தது. உங்கள் பட்டையில் நூல் பிரிந்திருந்தால் இன்றே மாற்றுங்கள்.

2. பட்டையின் கிளிப்பை மணிக்கட்டு வரை இறுக்குங்கள். தொளதொளவென்று தொங்கும் பட்டை, வேகமாக வீசும்போது கையைவிட்டு உருவிக்கொண்டு போய்விடும்.

3. சீலிங் ஃபேனை நிறுத்திவிட்டு டேபிள் ஃபேனைப் போடுங்கள். உயரமான ஆள் கையைத் தூக்கினால் கன்ட்ரோலரின் முனை ஏழடியைத் தாண்டும். சுற்றும் இறக்கையில் பட்டால் அடி விரலுக்கும் சேர்த்துத்தான். டேபிள் ஃபேனை ஒரே மூலையில் வையுங்கள். காற்று எந்தப் பக்கம் படுகிறது என்பதை வைத்தே நீங்கள் எந்தத் திசையில் நிற்கிறீர்கள் என்று தெரிந்துகொள்ளலாம்.

4. ஹெட்செட் வரையச் சொல்லும் எல்லைக்கோட்டைச் சுவரை ஒட்டி வரையாமல் ஒரு கை தள்ளி வரையுங்கள். எல்லை எச்சரிக்கை கண்ணில் பட்டு நீங்கள் கையை நிறுத்துவதற்குள் கன்ட்ரோலர் இன்னும் கொஞ்சம் போய்விடும். நடந்து ஆடும் கேம்களுக்கு 2 மீட்டருக்கு 2 மீட்டர், அதாவது ஆறரை அடிச் சதுரம் காலியாக வேண்டும். அவ்வளவு இடம் இல்லையென்றால் நின்ற இடத்தில் ஆடும் முறையைத் தேர்ந்தெடுங்கள்.

5. டியூப் லைட்டைப் போடுங்கள், ஜன்னல் திரையை இழுத்துவிடுங்கள். மெட்டாவின் குவெஸ்ட் 2, குவெஸ்ட் 3 போன்ற ஹெட்செட்டுகளில் கன்ட்ரோலருக்குள் இருக்கும் இன்ஃப்ராரெட் எல்இடி விளக்குகளை ஹெட்செட்டின் கேமராக்கள் பார்த்துத்தான் உங்கள் கை எங்கே என்று கணக்கிடுகின்றன. இருட்டிலும் கேமரா தடுமாறும், நேர் வெயிலிலும் தடுமாறும்.

6. செட்டிங்ஸில் டிராக்கிங் ஃப்ரீக்வென்சியை 50 ஹெர்ட்ஸ் என்று வையுங்கள். இந்திய மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அமெரிக்காவில் 60. டியூப் லைட் வெளிச்சத்தில் கை நடுங்குவதுபோல் தெரிந்தால், குறிப்பாக அமெரிக்காவிலிருந்து சித்தப்பா கொண்டுவந்த செட் என்றால், முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

7. அலமாரிக் கண்ணாடியின் மேல் ஒரு பெட்ஷீட்டைப் போடுங்கள். கண்ணாடியில் தெரியும் பிம்பத்தையும் கேமரா பார்க்கும். கை எங்கே என்ற கணக்கு அங்கே குழம்பும்.

8. ரீசார்ஜ் ஆகும் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு ஏஏ செல்களை நாலாக வாங்கி வையுங்கள். குவெஸ்ட் 2, 3 கன்ட்ரோலர்களுக்குக் கைக்கு ஒரு செல். இரண்டு உள்ளே இருக்கும்போது இரண்டு சார்ஜில் இருக்கட்டும். இந்த செல்கள் 1.2 வோல்ட், சாதா ஆல்கலைன் 1.5 வோல்ட். அதனால் முழுக்க சார்ஜ் ஆகியிருந்தாலும் அளவு குறைவாகக் காட்டலாம். செல் கெட்டுவிட்டது என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

9. ஊருக்குப் போகும் முன் செல்லைக் கழற்றுங்கள். கோடை லீவுக்குச் சென்னை போய்த் திரும்புவதற்குள் ஆல்கலைன் செல் கசிந்து, உள்ளே இருக்கும் ஸ்பிரிங்கை அரித்துவிடும்.

10. ஆடி முடித்ததும் உலர்ந்த மெல்லிய துணியால் துடைத்து, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு பெட்டியில் வையுங்கள். கொல்கத்தாவின் வியர்வையும் மழைக்காலப் பிசுபிசுப்பும் பட்டன் இடுக்கில் இறங்கினால், அடுத்த வாரமே பட்டன் ஒட்டிக்கொள்ளும்.

11. பழைய செட் வாங்கினால் விற்பவர் முன்னாலேயே சோதியுங்கள். கேம் எதுவும் வேண்டாம். மெனுவில் ஒரு நீளமான பட்டியலைத் திறந்து, ஸ்டிக்கிலிருந்து கட்டைவிரலை எடுத்துவிட்டுப் பத்து நொடி பாருங்கள். பட்டியல் தானாக மெல்ல ஊர்ந்தால் ஸ்டிக் தேய்ந்துவிட்டது. பிறகு உங்கள் போனின் செல்ஃபி கேமராவைக் கன்ட்ரோலர் மேல் காட்டுங்கள். பல போன்களில் எல்இடிகள் மங்கலான ஊதாப் புள்ளிகளாகத் தெரியும். அப்படித் தெரியும் போனில் நடுவே ஓரிடம் மட்டும் இருட்டாக இருந்தால் விலையைக் குறையுங்கள், இல்லையென்றால் கிளம்புங்கள். கடைசியாக செல் மூடியைத் திறந்து ஸ்பிரிங்கில் பச்சையோ வெள்ளையோ பூத்திருக்கிறதா பாருங்கள்.

12. மாடலைப் பொருத்திப் பார்த்து வாங்குங்கள். குவெஸ்ட் 3-இன் டச் பிளஸ், குவெஸ்ட் 3எஸ்ஸிலும் வேலை செய்யும். முதல் குவெஸ்ட்டின் கன்ட்ரோலர் பார்க்க ஒரே மாதிரி வளையத்தோடு இருந்தாலும் குவெஸ்ட் 2-இல் சேராது.

13. ஜோடி சேர்க்கும் முறையைத் தெரிந்து வையுங்கள். குவெஸ்ட் 2 என்றால் போன் ஆப்பில் புதிய கன்ட்ரோலர் சேர்க்கும் பகுதிக்குப் போய், வலதுக்கு மெட்டா பட்டனையும் பி பட்டனையும், இடதுக்கு மெனு பட்டனையும் ஒய் பட்டனையும் விளக்கு சிமிட்டும் வரை அழுத்திப் பிடியுங்கள். இது தெரியாமல் நல்ல கன்ட்ரோலரை ரிப்பேருக்குக் கொடுத்துக் காசு அழுதவர்கள் உண்டு.

14. ஜிஎஸ்டி பில்லைக் கேட்டு வாங்குங்கள். சாந்தினி சௌக்கானாலும் கிதர்பூர் ஃபேன்ஸி மார்க்கெட்டானாலும், வாரன்டி இந்தியாவில் செல்லுமா, வெளிநாட்டில் மட்டுமா என்று பில்லிலேயே எழுதச் சொல்லுங்கள். பில் இருந்தால்தான் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் உங்கள் பேச்சு எடுபடும்.

15. அரை மணிக்கு ஒரு தடவை பத்துப் பதினைந்து நிமிடம் நிறுத்துங்கள். மணிக்கட்டு, தோள், கண் மூன்றுக்கும் ஓய்வு வேண்டும். கீழ் வீட்டு மாஷிமா (பெரியம்மா) மதியம் படுக்கும் நேரத்தையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் குதிக்கும் ஒவ்வொரு குதியும் அவர் கூரையில்தான் இடிக்கும்.

செய்யக்கூடாதவை

1. டுனி பல்பு எரியும்போது ஆடாதீர்கள். துர்கா பூஜை முதல் காளி பூஜை வரை ஜன்னல் கம்பியெல்லாம் சின்னச் சின்ன விளக்குச் சரமாக இருக்கும். அந்தப் புள்ளிகளைக் கேமரா கன்ட்ரோலரின் எல்இடி என்று எண்ணிவிடலாம். உங்கள் கை திடீரென்று கூரைக்குப் பறக்கும். வீட்டுக்குள் இருக்கும் சரத்தை அணையுங்கள், தெரு விளக்குக்குத் திரையை மூடுங்கள்.

2. எறியும் கேமில் கன்ட்ரோலரையே எறியாதீர்கள். பந்தை விட வேண்டுமென்றால் கிரிப் பட்டனை விட்டால் போதும், கைப்பிடியை விடக்கூடாது. புதிதாக ஆட வரும் விருந்தாளிக்கு இதை முதலில் சொல்லிக்கொடுங்கள்.

3. திரையில் தெரியும் மேசை மேல் கையை ஊன்றாதீர்கள். அங்கே மேசை இல்லை. டேபிள் டென்னிஸ் கேமில் குனிந்து சாய்ந்து, முகம் குப்புற விழுகிறவர்கள் பெரும்பாலும் பெரியவர்கள்தான்.

4. தேலேபாஜா (எண்ணெயில் பொரித்த பஜ்ஜி வகை) சாப்பிட்ட கையோடு தொடாதீர்கள். எண்ணெய்க் கையில் பிடி வழுக்கும். கூடச் சாப்பிடும் பொரியின் துகள் ஸ்டிக்கின் அடியில் போய் உட்காரும்.

5. சானிடைசரையோ ஸ்பிரேயையோ நேராக அடிக்காதீர்கள். ஈரம் பட்டன் இடுக்கு வழியாக உள்ளே இறங்கும். ஆல்கஹாலை ஹெட்செட் லென்ஸ் பக்கமே கொண்டுபோகாதீர்கள், மேல்பூச்சு போய்விடும்.

6. ஸ்டிக் ஊர்ந்தால் தேங்காய் எண்ணெயோ துரு நீக்கும் ஸ்பிரேயோ விடாதீர்கள். இரண்டு நாள் சரியானதுபோல இருக்கும், பிறகு தூசியைச் சேர்த்து முழுக்கக் கெடும். மகாநாயக் உத்தம் குமார் மெட்ரோ ஸ்டேஷனில் ஏறினால் வண்டி மாறாமல் சாந்தினி சௌக்கில் இறங்கலாம். அங்கே ஸ்டிக் மாட்யூலை மட்டும் மாற்றத் தெரிந்த கடையாக விசாரித்துக் கொடுங்கள்.

7. ஏஏ அளவில் இருக்கிறதே என்று 3.7 வோல்ட் லித்தியம் செல்லைப் போடாதீர்கள். 14500 என்று எண் போட்டு விற்கும் செல் அச்சாக ஏஏ போலவே இருக்கும். இரண்டு மடங்குக்கும் மேலான வோல்டேஜில் உள்ளே இருக்கும் போர்டு கருகிவிடும்.

8. சாதா ஆல்கலைன் செல்லை சார்ஜரில் போடாதீர்கள். கசியும், சில சமயம் வெடிக்கும்.

9. உடைந்த வளையத்தைப் பசை போட்டு ஒட்டிச் சமாளிக்காதீர்கள். எந்த எல்இடி எந்த இடத்தில் இருக்க வேண்டும் என்பது ஹெட்செட்டுக்கு மனப்பாடம். வளையம் கோணலாக ஒட்டினால் கேமில் கையும் கோணலாகவே வரும்.

10. "ஒரு கை மட்டும்" விற்பனையில் அவசரப்படாதீர்கள். இடது இடதுதான், வலது வலதுதான். ஒன்றுக்கு இன்னொன்று ஈடாகாது. பெட்டியில் உள்ள எழுத்தை நம்பாமல் பட்டனைப் பாருங்கள்: எக்ஸ், ஒய் இருந்தால் இடது, ஏ, பி இருந்தால் வலது.

11. பொருளைக் கையில் வாங்காமல் யுபிஐயில் முன்பணம் அனுப்பாதீர்கள். "இன்னும் நாலு பேர் கேட்கிறார்கள்" என்பது பழைய தூண்டில். பணம் போய்விட்டால் அந்த நிமிடமே 1930-க்குப் போன் செய்யுங்கள். தாமதம் ஆக ஆகத் திரும்பக் கிடைக்கும் வாய்ப்பு குறையும்.

12. முன்னவரின் கணக்கு நீங்காத ஹெட்செட்டை கன்ட்ரோலரோடு சேர்த்து வாங்காதீர்கள். விற்பவர் கையாலேயே ஃபேக்டரி ரீசெட் செய்யச் சொல்லி, உங்கள் கணக்கில் திறந்து பார்த்த பிறகு பணம் கொடுங்கள்.

13. அப்டேட் ஓடும்போது செல்லைக் கழற்றாதீர்கள். கன்ட்ரோலருக்கும் தனியாக மென்பொருள் உண்டு; பாதியில் நின்றால் ஜோடி சேராமல் அடம்பிடிக்கலாம்.

14. கால்பைசாகி (கோடை இடிமழைப் புயல்) வரும் மாலையில் சார்ஜரைச் சொருகியபடி விடாதீர்கள். இடி மின்னலில் வோல்டேஜ் எகிறினால் சார்ஜரும் போகும், மாட்டியிருக்கும் கன்ட்ரோலரும் போகும். ஆடும்போது கரண்ட் போனால் கையை வீசுவதை உடனே நிறுத்திவிட்டு ஹெட்செட்டைக் கழற்றுங்கள். இருட்டில் கேமராவுக்கும் கண் தெரியாது.

15. பேஸ்மேக்கர் வைத்திருக்கும் தாத்தாவிடம் "ஒரு கை பாருங்கள்" என்று நீட்டாதீர்கள். இந்தக் கருவிகளில் காந்தமும் ரேடியோ அலையும் உண்டு. அவருடைய டாக்டரைக் கேட்ட பிறகுதான் எதுவும்.

16. பத்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்குக் கொடுக்காதீர்கள். மெட்டா வைத்திருக்கும் வரம்பு 10 வயது, அதுவும் 10 முதல் 12 வரை பெற்றோர் மேற்பார்வையில் உள்ள கணக்கில்தான். பிளேஸ்டேஷன் விஆர்2-க்கு வரம்பு 12.

17. எல்லைக்கோட்டுக்குள் யாரையும் உட்காரவிடாதீர்கள். தவழும் குழந்தை, காலைச் சுற்றும் பூனை, தேநீர் கொண்டுவரும் அம்மா, இவர்களில் யாரும் ஆடுபவர் கண்ணுக்குத் தெரியமாட்டார்கள். வேடிக்கை பார்ப்பவர்களுக்கு திவான்தான் இடம்.

18. கெட்டுப்போன கன்ட்ரோலரைக் குப்பைத் தொட்டியில் போடாதீர்கள். 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கும் மின்கழிவு விதிகளின்படி அது பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடம் போய்ச் சேர வேண்டியது. போடும் முன் செல்லைக் கழற்றிவிடுங்கள்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்ய முடியாவிட்டாலும் நான்கை இன்று மாலைக்குள் முடித்துவிடுங்கள்: பட்டையை இழுத்துப் பாருங்கள், டேபிள் ஃபேனை வெளியே எடுங்கள், எல்லைக்கோட்டை ஒரு கை உள்ளே இழுங்கள், பில்லைப் போட்டோ எடுத்து வையுங்கள். நான்கும் சேர்ந்து கால் மணி நேர வேலை. உடைந்த டிவிக்கு விலை கேட்டுக் கடை கடையாக ஏறி இறங்குவதைவிட இது எவ்வளவோ மலிவு.