மனசு சொல்வதை எப்போது கேட்கலாம்?

வாஷிங் மெஷின் ஒன்று வாங்க எனக்கு மூன்று வாரம் ஆனது. விலை, கிலோ, ஸ்டார், வாரன்டி என்று நோட்டில் கட்டம் போட்டு 11 மாடல்களை ஒப்பிட்டேன். அதற்குள் பழைய மெஷின் நின்றே போனதால், பக்கத்துக் கடையில் இருந்ததைத் தூக்கி வந்தோம். நன்றாகத்தான் ஓடுகிறது. இப்படி யோசித்தே தேங்கிப்போகிறவர்களுக்கு ஊர் சொல்லும் மருந்து, "மனசு சொல்றதைக் கேளு." அதில் பாதிதான் சரி.

நம்பிக்கை: உள்ளுணர்வு அறிவுக்கு அப்பாற்பட்ட சக்தி.

உண்மை: அது அனுபவத்தின் ஞாபகம். தீயணைப்பு அதிகாரிகளை ஆராய்ந்த அமெரிக்க உளவியலாளர் கேரி க்ளைன் பதிவுசெய்த சம்பவம் இது. ஒரு வீட்டின் சமையலறையில் தீ. தண்ணீர் அடித்தும் அடங்கவில்லை. கூடத்தில் அளவுக்கு மீறிய சூடு. ஆனால் தீயின் சத்தமே இல்லை. என்னவோ சரியில்லை என்று அதிகாரி தன் ஆட்களை வெளியேற்றினார். சற்று நேரத்தில் அவர்கள் நின்றிருந்த தரை இடிந்து விழுந்தது. தீயின் மூலம் தரைக்குக் கீழே இருந்திருக்கிறது. தனக்கு ஏதோ அபூர்வ சக்தி இருப்பதாகவே அவர் நினைத்தார். உண்மையில், பல வருடம் பார்த்த தீ விபத்துகளோடு இது ஒத்துப்போகவில்லை, அவ்வளவுதான். (தொல்காப்பியம் ஆறாவது அறிவாகச் சொல்வதும் மனத்தைத்தான், மாயத்தை அல்ல.)

நம்பிக்கை: உணர்ச்சியை ஒதுக்கிவிட்டால் முடிவு தெளிவாக வரும்.

உண்மை: நரம்பியல் அறிஞர் அன்டோனியோ டமாசியோவிடம் வந்த ஒருவருக்கு மூளையின் முன்பகுதியில் பாதிப்பு. புத்தி கூர்மையாகவே இருந்தது; உணர்ச்சிதான் மங்கியிருந்தது. அடுத்த சந்திப்புக்கு இரண்டு தேதி கொடுத்தால், அரை மணி நேரம் சாதக பாதகம் பேசிக்கொண்டிருந்தார். "இரண்டாவது தேதியில் வாருங்கள்" என்றதும், "சரி" என்று கிளம்பிவிட்டார்.

நம்பிக்கை: அப்படியானால் உள்ளுணர்வே போதும்.

உண்மை: உள்ளுணர்வைச் சந்தேகித்த உளவியலாளர் டேனியல் கானமனும், அதை மெச்சிய க்ளைனும் 2009இல் சேர்ந்தே ஒரு கட்டுரை எழுதினார்கள். துறையில் ஓர் ஒழுங்கு இருக்க வேண்டும். செய்த தவறு உடனுக்குடன் தெரிந்து பழகியிருக்க வேண்டும். இரண்டும் இருந்தால் நம்பலாம் என்றார்கள். குழம்பின் கொதியைப் பார்த்தே உப்பு குறைவு என்கிற அத்தையை நம்பலாம். "இந்த ஷேர் ஏறும்னு தோணுது" என்கிற மச்சானை நம்ப வேண்டாம்.

சரி, மனசை எந்தக் கட்டத்தில் கேட்பது? கானமன் 21 வயதில் இஸ்ரேல் ராணுவத்தில் ஆள் தேர்வு முறையை மாற்றியமைத்தார். பேட்டி எடுப்பவர்கள் ஆறு குணங்களுக்குத் தனித்தனியாக மதிப்பெண் போட வேண்டும். எங்களை இயந்திரமாக்குகிறீர்களே என்று அவர்கள் முணுமுணுத்ததால், ஆறையும் போட்டு முடித்தபின் கண்ணை மூடி, மனசுக்குத் தோன்றுகிற ஒரு மதிப்பெண்ணும் போடச் சொன்னார். அவரே எதிர்பாராதது: அந்தக் கடைசி மதிப்பெண்ணும் ஆறின் கூட்டலுக்கு இணையாகவே பலித்தது. முதலிலேயே மனசைக் கேட்டுக்கொண்டிருந்த பழைய பேட்டி முறையோ கிட்டத்தட்ட வீண்.

வேலை மாற்றம், வீடு, வரன் போன்றவற்றுக்கு, முதலில் தனித்தனி மதிப்பெண், கடைசியில் மனசு என்கிற இந்த வரிசையைப் பின்பற்றிப் பாருங்கள். வாஷிங் மெஷினுக்கு இவ்வளவும் வேண்டாம். மூன்று மாடல் பார்த்து, ஒன்றுக்குப் பணத்தைக் கட்டிவிட்டு வீட்டுக்கு வாருங்கள்.